கிரீன் பே பேக்கர்ஸ்: குவாட்டர்பேக்குகளில் முதலிடம் யாருக்கு?

கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு ஆடிய குவாட்டர்பேக்குகளைத் தொடக்க காலத்திலிருந்து இன்று வரை வரிசைப்படுத்தினால் யார் யார் எந்த இடத்தில் வருவார்கள், ஆரன் ராட்ஜர்ஸ்தானே முதலிடம் என்பதுதான் கேள்வி. ராட்ஜர்ஸ் இல்லை என்பது என் பதில். வரிசையை முதலிலேயே சொல்லிவிட்டுக் காரணங்களுக்கு வருகிறேன்: பார்ட் ஸ்டார், ஆரன் ராட்ஜர்ஸ், பிரெட் ஃபார்வ், செசில் இஸ்பெல், ஆர்னி ஹெர்பர், ஜோர்டன் லவ், லின் டிக்கி, டோபின் ரோட், டான் மஜ்கௌஸ்கி.

அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் குவாட்டர்பேக் கைக்குத்தான். ஓட்டக்காரரிடம் கொடுப்பதா, தூரத்தில் ஓடுகிறவருக்கு எறிவதா, தானே ஓடுவதா என்பதை இரண்டு மூன்று நொடிகளில் அவர் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள நான்கைந்து பேர் அவரைத் தரையில் சாய்க்க ஓடி வருவார்கள். எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொண்டால் அது இன்டர்செப்ஷன். எல்லைக்கோட்டுக்கு அப்பால் தன் ஆள் பிடித்தாலோ, பந்தோடு அங்கே நுழைந்தாலோ டச் டவுன்.

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். போட்டிகளில் கிரீன் பே அளவுக்குச் சிறிய ஊர் வேறு இல்லை. மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். அணிக்குத் தனி முதலாளி கிடையாது; ஊர் மக்களும் ரசிகர்களும் பங்கு வாங்கி நடத்துகிற அணி. 1919-இல் தொடங்கிய அந்த அணி 13 முறை சாம்பியன் ஆகியிருக்கிறது. வேறெந்த அணிக்கும் அத்தனை பட்டம் இல்லை. ஆகவே இந்த வரிசையில் ஒரு பட்டம், இரண்டு பட்டம் என்பதெல்லாம் தானாகவே இடம் வாங்கித் தந்துவிடாது.

எண்களை மட்டும் அடுக்கி வரிசை போட்டால் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பேக்கர்ஸ் அணிக்காக ராட்ஜர்ஸ் எறிந்த டச் டவுன் 475, இன்டர்செப்ஷன் 105. ஃபார்வ் 442-க்கு 286. ஸ்டார் தன் 16 சீசன்களிலும் சேர்த்து எறிந்தது 152, பறிகொடுத்தது 138. இந்த மூன்று வரிகளை மட்டும் பார்க்கிறவருக்கு ஸ்டார் ஒரு சாதாரண ஆட்டக்காரர் போலத்தான் தெரிவார். ஆனால் அவர்கள் மூவரும் ஆடியது ஒரே விதிகளின் கீழ் அல்ல. ஸ்டார் ஆடிய காலத்தில் பந்து பிடிக்க ஓடுகிறவரை வழியெல்லாம் இடித்துத் தள்ளலாம். குவாட்டர்பேக்கைக் காக்கிறவர்கள் கையை நீட்டித் தடுக்கக் கூடாது. 1978-இல் இந்த இரண்டும் மாறின. ரிசீவரை ஐந்து யார்டுக்கு அப்பால் தொடக் கூடாது என்றும், காவலர்கள் கைகளை விரித்து நீட்டலாம் என்றும் விதி வந்தது. அதன் பிறகுதான் இந்த விளையாட்டு எறிகிறவர்களின் விளையாட்டாக மாறியது.

இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. 1994 முதல் குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ஒரு சிறிய வானொலிக் கருவி இருக்கிறது. அடுத்த நகர்வு என்ன என்பதைப் பயிற்சியாளர் அதன் வழியே காதில் சொல்வார். ஸ்டார் காலத்தில் காதில் பேச யாரும் இல்லை. வாரம் முழுவதும் பயிற்சியாளரோடு உட்கார்ந்து திட்டம் போடுவார்கள். களத்தில் இறங்கிய பின் எந்த நகர்வை எப்போது ஆடுவது என்று பெரும்பாலும் குவாட்டர்பேக்கே அழைக்க வேண்டும். எறியும் கை ஒருவருடையது, எண்ணும் மூளை வேறொருவருடையது என்கிற பிரிவினை அப்போது இல்லை. ஒரு குவாட்டர்பேக்கின் முதல் வேலை தீர்மானிப்பதுதான் என்று நம்புகிறவன் நான். என் வரிசை முழுவதும் அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

பார்ட் ஸ்டார் 1956-இல், புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் 17-ஆம் சுற்றில், 200-ஆவது ஆளாகத் தேர்வானவர். இன்றைய டிராஃப்டில் ஏழே சுற்றுகள்தான். இந்தக் காலத்தில் அவர் பெயரை யாரும் அழைத்தே இருக்க மாட்டார்கள். 1958-இல் அணி ஒரே ஒரு ஆட்டத்தில்தான் வென்றது. பத்தில் தோற்றது, ஒன்று சமன். அடுத்த ஆண்டு வின்ஸ் லொம்பார்டி பயிற்சியாளராக வந்தார். அவரும் ஸ்டாரை உடனே நம்பிவிடவில்லை. லமார் மெக்கேனை ஆடவைத்துப் பார்த்துவிட்டு, சீசன் பாதி கடந்த பிறகே ஸ்டாரிடம் பொறுப்பைக் கொடுத்தார். 1960-இல் இறுதி ஆட்டம் வரை போய் பிலடெல்பியா ஈகிள்ஸிடம் 17-13 என்று தோற்றார்கள். லீக் ஆட்டங்களுக்குப் பின் பட்டத்துக்காக நடக்கும் பிளே ஆஃப் ஆட்டங்களில் ஸ்டார் கண்ட ஒரே தோல்வி அது. அதன் பிறகு 1961, 1962, 1965, 1966, 1967 என ஏழே ஆண்டுகளில் ஐந்து பட்டங்கள். என்.எஃப்.எல். சாம்பியனும் போட்டி லீகின் சாம்பியனும் மோதிய முதல் இரண்டு சூப்பர் பவுல்களிலும் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே.

‘அது லொம்பார்டியின் அணி, ஜிம் டெய்லரும் பால் ஹார்னங்கும் ஓடினார்கள், ஸ்டார் பந்தைக் கைமாற்றிக் கொடுத்தார், அவ்வளவுதான்’ என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. 1966 என்.எஃப்.எல். இறுதி ஆட்டத்தை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். டல்லஸ் கௌபாய்ஸின் சொந்த மைதானத்தில், 304 யார்டு, நான்கு டச் டவுன் எறிந்து 34-27 என்று வென்றுகொடுத்தவர் ஸ்டார். அந்த ஆண்டு முழுவதும் அவர் எறிந்ததில் எதிரணி பறித்தது மூன்றே மூன்று. ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வந்தது. லொம்பார்டி பொறுப்பிலிருந்து விலகிய 1968-ஐயும் பாருங்கள். அணி சரிந்து பாதி ஆட்டங்களைக்கூட வெல்லவில்லை. ஆனால் அந்த ஆண்டு எறிதலின் தரத்தை அளக்கும் பாசர் ரேட்டிங்கில் ஸ்டாரின் எண் 104.3. அது அவருடைய மிகச் சிறந்த ஆண்டான 1966-க்கு ஏறத்தாழச் சமமான அளவு. ஆசான் போனதும் அணி தளர்ந்தது, ஸ்டாரின் கை தளரவில்லை.

மூன்றாவது முயற்சியில் ஒரே ஒரு யார்டு தேவை என்றால் எல்லா அணிகளும் ஓட்டக்காரரிடம் பந்தைக் கொடுக்கும். எதிரணியும் அதற்கென்றே முன்னால் குவிந்து நிற்கும். அந்த நேரத்தில் ஓட்டக்காரரிடம் கொடுப்பது போலக் காட்டிவிட்டு, பின்னால் காலியாகக் கிடக்கும் வெளியில் நீளமாக எறிவது ஸ்டாரின் வழக்கம். அவருக்குக் கை பலம் அதிகம் என்று யாரும் சொன்னதில்லை. எதிராளி என்ன நினைக்கிறான் என்று படிப்பதில்தான் அவர் பலம்.

1967 டிசம்பர் 31 அன்று நடந்த என்.எஃப்.எல். இறுதி ஆட்டத்தை ‘ஐஸ் பவுல்’ என்பார்கள். பேக்கர்ஸின் சொந்த மைதானமான லாம்போ ஃபீல்டில் வெப்பநிலை மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். தரையைச் சூடாக வைக்கப் புதைத்திருந்த கம்பிகள் பயன் தரவில்லை, புல்தரை பனிப்பாளமாகிவிட்டது. நடுவர்களின் விசில்கள் உறைந்துபோக, அவர்கள் வாயால் கத்தி ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஸ்டார் அன்று எட்டு முறை தரையில் வீழ்த்தப்பட்டார். ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது கௌபாய்ஸ் 17-14 என்று முன்னிலை. எல்லைக்கோடு 68 யார்டு தொலைவில். அந்தப் பனியில் சிறிய சிறிய எறிதல்களாக அழைத்து, அணியை எல்லைக்கோட்டுக்கு ஓரடி இரண்டடி தூரத்துக்குக் கொண்டுவந்தார். ஓட்டக்காரர் இரண்டு முறை வழுக்கினார். கடிகாரத்தில் 16 நொடி. கடைசி டைம் அவுட்டை எடுத்துக்கொண்டு லொம்பார்டியிடம் போனார். ஓட்டக்காரருக்குக் கால் ஊன்றவில்லை, நான் நிமிர்ந்து நிற்கிற இடத்திலிருந்தே நுழைந்துவிடுவேன் என்பது அவர் யோசனை. லொம்பார்டி சரி என்றார். திரும்பி வந்து அவர் அழைத்தது இன்னொரு ஓட்டக்காரரான சக் மெர்சீனுக்குப் பந்து போக வேண்டிய நகர்வு. தானே வைத்துக்கொள்ளப் போவதை அணியில் யாரிடமும் சொல்லவில்லை. ஜெரி கிரேமரும் கென் போமனும் எதிராளி ஒருவரைத் தூக்கித் தள்ளிய இடைவெளியில் ஸ்டார் விழுந்தார். பந்து தனக்கு வரும் என்று பாய்ந்து வந்த மெர்சீன், முன்னால் போகிறவரைத் தான் தள்ளவில்லை என்று நடுவருக்குக் காட்டக் கைகளை உயர்த்தினார். அந்தப் புகைப்படத்தைப் பார்க்கிறவர்கள் பலரும் அவர் வெற்றியைக் கொண்டாடுவதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். ஆட்டம் 21-17.

மூன்று புள்ளிக்கு உதைத்து ஆட்டத்தைச் சமன் செய்திருக்கலாம். ஸ்டார் தானே நுழைந்த அந்த முயற்சி தவறியிருந்தால் உதைக்க நேரம் இருந்திருக்காது, பட்டமே போயிருக்கும். அதை எடைபோட்டு முடிவெடுத்தது ஸ்டார். ஹெல்மெட்டுக்குள் யாரும் சொல்லித்தரவில்லை.

பிளே ஆஃப் ஆட்டங்களில் அவர் கணக்கு ஒன்பது வெற்றி, ஒரு தோல்வி. நேர்மையாகச் சொன்னால் அந்த ஒன்பதில் ஒன்று ஜீக் பிராட்கௌஸ்கிக்குச் சேர வேண்டியது. 1965 டிசம்பர் 26, பால்டிமோர் கோல்ட்ஸ் அணியோடு ஆட்டம். முதல் நகர்விலேயே பேக்கர்ஸ் பந்தைத் தவறவிட, எதிரணி வீரர் அதை எடுத்துக்கொண்டு ஓடினார். அவரைத் தடுக்கப் போன ஸ்டாருக்கு விலாவில் அடிபட்டது. மாற்றாளான பிராட்கௌஸ்கி கூடுதல் நேரம் வரை ஆடி 13-10 என்று வென்றுகொடுத்தார். மாற்றாள்களுக்கு இந்த வரிசையில் இடம் இல்லை, ஆனால் அவர் பெயரைச் சொல்லாமல் விடுவது தர்மம் இல்லை.

இனி ராட்ஜர்ஸ். ஒரே ஒரு எறிதலுக்கு ஆள் வேண்டும் என்றால், இந்த அணியில் மட்டுமல்ல, இந்த விளையாட்டின் வரலாறு முழுவதிலும் தேடினாலும் நான் அவரைத்தான் அழைப்பேன். 2017 ஜனவரியில் டல்லஸில் நடந்த ஆட்டம்: 31-31. மூன்றாவது முயற்சி, இருபது யார்டு தேவை, கடிகாரத்தில் 12 நொடி. இடப்பக்கம் ஓடிக்கொண்டே, கால்கள் நிலைகொள்வதற்கு முன்பே, ஏறத்தாழ நாற்பது யார்டுக்கு எறிந்தார். ஜேரட் குக் கோட்டோரத்தில் இரண்டு கால்நுனிகளும் புல்லைத் தொட்டபடி பந்தைப் பிடித்து வெளியே விழுந்தார். மீதம் மூன்று நொடி. மேசன் கிராஸ்பி 51 யார்டிலிருந்து உதைத்து ஆட்டத்தை முடித்தார். அந்த எறிதலில் பந்து ஒரு கையளவு உள்ளே வந்திருந்தால் எதிராளி தட்டியிருப்பார். ஒரு கையளவு வெளியே போயிருந்தால் குக்கின் கால் கோட்டைத் தாண்டியிருக்கும். திரும்பத் திரும்பப் பார்த்தும் எனக்கு அலுக்காத நகர்வு அது.

2005-இல் முதல் சுற்றில் 24-ஆவதாகத் தேர்வாகி, மூன்று ஆண்டுகள் ஃபார்வுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். 2010 சீசனில் ஆறாவது இடத்தில் பிளே ஆஃபுக்குள் நுழைந்த அணியைப் பிலடெல்பியா, அட்லான்டா, சிகாகோ என்று மூன்று வெளியூர்களிலும் வெல்லவைத்து, இப்போது லீகின் இறுதி ஆட்டமாகிவிட்ட சூப்பர் பவுலில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸை 31-25 என்று தோற்கடித்தார். அட்லான்டாவில் 36 எறிந்து 31 சேர்ந்தன. அதைக் குறையில்லாத ஆட்டம் என்று சொல்லலாம். சிகாகோவில் அவர் கொடுத்த ஒரு இன்டர்செப்ஷனை எடுத்துக்கொண்டு பிரையன் அர்லாக்கர் எல்லைக்கோட்டை நோக்கி ஓடியபோது, துரத்திப் போய்க் காலைத் தட்டி விழவைத்தவரும் ராட்ஜர்ஸ்தான். ஆட்டம் ஏழு புள்ளி வித்தியாசத்தில் முடிந்ததால், சூப்பர் பவுலுக்கு வழிவிட்டது அந்தத் தட்டல்தான் என்று சொன்னாலும் மிகையில்லை. 2011, 2014, 2020, 2021 என நான்கு முறை ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். 2011-இல் 45 டச் டவுனுக்கு 6 இன்டர்செப்ஷன், 2020-இல் 48-க்கு 5.

அப்படியானால் ஏன் இரண்டாமிடம்? 2010-க்குப் பிறகு அவர் இன்னொரு சூப்பர் பவுலுக்குப் போகவே இல்லை. ஒரு படி கீழே, லீகின் ஒரு பாதியான மாநாட்டின் இறுதி ஆட்டத்தில், நான்கு முறை தோல்வி: சியாட்டில், அட்லான்டா, சான் பிரான்சிஸ்கோ, டாம்பா பே. இவற்றில் எல்லாப் பழியையும் அவர் தலையில் போடுவது அநியாயம். 2015 ஜனவரியில் சியாட்டிலில் கெண்டைக்கால் காயத்தோடு ஆடினார். கடைசி நிமிடங்களில் 19-7 என்று முன்னிலையில் இருந்தும் சக வீரர் ஒருவர் எளிய உதையைப் பிடிக்கத் தவற, ஆட்டம் கைநழுவியது. அட்லான்டாவில் தற்காப்பு 44 புள்ளிகளை வாரிக் கொடுத்தது.

ஆனால் 2022 ஜனவரி ஆட்டத்துக்கு என்னால் சமாதானம் சொல்ல முடியவில்லை. சொந்த மைதானம், பனி, முதலிடத்தில் முடித்ததால் கிடைத்த ஓய்வு, எல்லாமே பேக்கர்ஸ் பக்கம். முதல் முறை பந்து கிடைத்ததும் டச் டவுன் அடித்தார்கள். அதற்குப் பிறகு ஆட்டம் முழுவதிலும் அவர் தலைமையில் வந்தது ஒரு ஃபீல்ட் கோல், அதாவது உதைத்து எடுத்த மூன்று புள்ளி மட்டுமே. பந்தை உதைக்கிறவரைக் காக்க நின்றவர்கள் செய்த பிழையால் ஆட்டம் 10-10 ஆனது என்பது உண்மை. அதன் பிறகும் வெல்ல வாய்ப்பு இருந்தது. கடைசியில், மூன்றாவது முயற்சியில், ஆலன் லசார்ட் நடுவில் ஆளில்லாமல் நின்றிருக்க, இரண்டு பேர் காவல் நின்ற டவான்டே ஆடம்ஸை நம்பித் தூரமாக எறிந்தார். பந்து தரையில் விழுந்தது. சான் பிரான்சிஸ்கோ 13-10 என்று வென்றது. அதற்கு முந்தைய ஆண்டு டாம்பா பே ஆட்டத்தில், எல்லைக்கோட்டுக்கு எட்டு யார்டில், இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலே இருந்தபோது, மூன்றாவது முயற்சியில் ஓட இடம் இருந்தும் எறிந்தார். நான்காவதில் பயிற்சியாளர் மேட் லஃப்லோர் ஃபீல்ட் கோல் உதைக்கச் சொன்னதைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள்; அந்த மூன்றாவது முயற்சியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கை அவருக்கு ஸ்டாரைவிட நூறு மடங்கு உயர்ந்தது. அந்த இரண்டு மாலைகளிலும் தீர்மானம்தான் தவறியது.

ஃபார்வை மூன்றாமிடத்தில் வைப்பது பலருக்குக் கோபம் தரும். கிரீன் பேயில் ஒரு தலைமுறையே அவர் முகத்தைப் பார்த்து வளர்ந்தது. 1968 முதல் 1991 வரை 24 சீசன்களில் அந்த அணி இரண்டே முறைதான் பிளே ஆஃபை எட்டியது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தப் பாசம் எங்கிருந்து வந்தது என்று புரியும். அட்லான்டாவில் ஒரு சீசன் உட்கார்ந்திருந்து, நான்கு எறிதல் எறிந்து, ஒன்றுகூடத் தன் ஆளிடம் சேராமல் இரண்டை எதிரணிக்குக் கொடுத்திருந்த இளைஞருக்காக முதல் சுற்றுத் தேர்வு உரிமையையே விட்டுக்கொடுத்தார் பொது மேலாளர் ரான் வுல்ஃப். 1992 செப்டம்பர் 20 அன்று மஜ்கௌஸ்கிக்குக் கணுக்கால் அடிபட, ஃபார்வ் இறங்கினார். தடுமாறினார், பந்தை நழுவவிட்டார், கடைசியில் 13 நொடி மிச்சமிருக்கும்போது கிட்ரிக் டெய்லருக்கு 35 யார்டு எறிந்து சின்சினாட்டியை 24-23 என்று வீழ்த்தினார். அடுத்த வாரம் தொடங்கிப் பேக்கர்ஸை விட்டுப் போகும் வரை தொடர்ந்து 253 லீக் ஆட்டங்களில் முதல் நகர்விலிருந்தே ஆடினார். கட்டைவிரல் முறிந்தாலும் ஆடினார். 2003-இல் தந்தை இறந்த மறுநாள் ஓக்லண்டில் ஆடி 399 யார்டு, நான்கு டச் டவுன் எறிந்தார். 1995, 1996, 1997 மூன்று ஆண்டும் மிகச் சிறந்த ஆட்டக்காரர். மூன்றாவது முறை மட்டும் பாரி சாண்டர்ஸோடு பகிர்ந்துகொண்டார். 1996 மே மாதம், வலி மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேன் என்று தானே வெளிப்படையாகச் சொல்லி சிகிச்சைக்குப் போனார். அந்தச் சீசன் முடிவில், 1997 ஜனவரி 26 அன்று, நியூ இங்கிலாந்தை 35-21 என்று வென்று சூப்பர் பவுல் கோப்பையை வாங்கினார்.

அதே துணிச்சல்தான் அவரைக் கவிழ்த்ததும். 2002 ஜனவரியில் செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு எதிராக ஆறு இன்டர்செப்ஷன். 2004 ஜனவரியில் பிலடெல்பியாவில், கூடுதல் நேரத்தில், யாரை நோக்கி என்றே தெரியாமல் உயரமாக எறிந்த பந்து எதிராளி கையில் போய் விழுந்தது. 2008 ஜனவரியில் லாம்போ ஃபீல்டில் நியூயார்க் ஜயண்ட்ஸோடு மறுபடி கூடுதல் நேரம், மறுபடி இன்டர்செப்ஷன், சூப்பர் பவுல் வாய்ப்பு போனது. பேக்கர்ஸுக்காக அவர் எறிந்த கடைசிப் பந்து அதுதான். ராட்ஜர்ஸ் தவறிய ஆட்டங்களில் அவர் எச்சரிக்கை மிகுந்து தவறினார், அல்லது தனக்குப் பிடித்த ஒரே ஆளை நம்பித் தவறினார். ஃபார்வ் தவறினால் பந்தே எதிரணிக்குப் போய்விடும். 286-க்கும் 105-க்கும் உள்ள இடைவெளியை எந்தப் பாசத்தாலும் நிரப்ப முடியவில்லை. அணியை உயிர்ப்பித்தவர் என்ற பெருமையில் ராட்ஜர்ஸைவிட ஃபார்வ் மேல் என்று ஒருவர் வாதாடினால் நான் மறுக்க மாட்டேன்.

நான்காம், ஐந்தாம் இடங்களுக்கு வருகிறவர்களைப் பெரும்பாலான பட்டியல்கள் விட்டுவிடுகின்றன. ஹெர்பர், இஸ்பெல் இருவரும் ஏட்டளவில் குவாட்டர்பேக்குகளே அல்ல. அணியை நிறுவிய கர்லி லாம்போ ஆடவைத்த அமைப்பில் பந்தை எறிவது பின்னால் நிற்கும் ஹாஃப்பேக்கின் வேலை. குவாட்டர்பேக் என்ற பெயருள்ளவர் பெரும்பாலும் வழிமறிப்பார். பெயரைப் பார்க்காமல் வேலையைப் பார்த்தால் இந்த இருவரும்தான் இந்த அணியின் முதல் பெரிய எறியாளர்கள்.

ஹெர்பர் கிரீன் பேயிலேயே பிறந்து வளர்ந்தவர். கை சிறியது, விரல்கள் குட்டை. அதனால் கட்டைவிரலைப் பந்தின் தையல் கயிற்றின் மேல் வைத்துப் பிடித்து எறிவார். எறிகிறவர் ஐந்து யார்டு பின்வாங்கித்தான் எறிய வேண்டும் என்ற விதி 1933-இல்தான் நீங்கியது. அதற்கு முந்தைய ஆண்டே எறிதலில் லீகில் முதலிடம் பிடித்தவர். 1934-இலும் 1936-இலும் மறுபடி முதலிடம். 1935-இல் சிகாகோ பேர்ஸுக்கு எதிரான ஆட்டத்தின் முதல் நகர்விலேயே, அணிக்குப் புதிதாக வந்திருந்த டான் ஹட்சனுக்கு எறிந்து 83 யார்டு டச் டவுன் போட்டார். ஆட்டமே 7-0 என்றுதான் முடிந்தது. நான்கு பட்டம் வென்ற அணிகளில் இருந்தவர். பின்னாளில் பேக்கர்ஸ் அவரை விடுவித்துவிட, போர்க்காலத்தில் ஆள் பற்றாக்குறை வந்தபோது ஜயண்ட்ஸுக்காகத் திரும்பி வந்தார். 1944 இறுதி ஆட்டத்தில் பேக்கர்ஸுக்கு எதிராக நின்று 14-7 என்று தோற்றார்.

இஸ்பெல் ஆடியது 1938 முதல் 1942 வரை ஐந்தே சீசன்கள். 1942-இல், சீசனுக்குப் பதினொரே ஆட்டங்கள் இருந்த காலத்தில், 2,021 யார்டு எறிந்தார். அதற்கு முன் யாரும் இரண்டாயிரத்தைத் தொட்டதில்லை. 23 ஆட்டங்களில் தொடர்ந்து டச் டவுன் எறிந்தார். அந்த உச்சத்தில், 27 வயதில், ஆட்டத்தை விட்டுவிட்டுக் கல்லூரிப் பயிற்சியாளராகப் போய்விட்டார். பழைய ஆட்டக்காரர்களை லாம்போ ஒவ்வொருவராக வெளியே அனுப்புவதைப் பார்த்த அவர், தனக்கும் அந்த நிலை வரும் முன் கிளம்பினார். ஹெர்பர் பொறுப்பைப் பலரோடு பகிர்ந்துகொண்டு பல ஆண்டுகள் ஆடினார்; இஸ்பெல் கொஞ்ச காலமே ஆடினாலும் ஆட்டம் முழுவதையும் தோளில் சுமந்தார். அதனால்தான் அவர் ஒரு படி மேலே. ஹெர்பர் புகழ்க்கூடத்தில் (ஹால் ஆஃப் ஃபேம்) இருக்கிறார், இஸ்பெல் இல்லை. அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

டோபின் ரோட் 1950 முதல் 1956 வரை உருப்படாத அணிகளில் மாட்டிக்கொண்டவர். 1956-இல் 18 டச் டவுன் எறிந்து, 11 டச் டவுனைத் தானே ஓடிப் போட்டார். அணி வென்றதோ நான்கே ஆட்டம். அடுத்த ஆண்டு வேறு ஆட்டக்காரர்களுக்கு ஈடாக டெட்ராய்ட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள், அங்கே போனவுடன் பட்டம் வென்றார். குறை அவரிடம் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஸ்டாருக்குப் பின் வந்த வறட்சியில் நடந்த பெரிய தவறு 1974-இல். 34 வயது ஜான் ஹேடலுக்காகப் பயிற்சியாளர் டான் டெவைன் ஐந்து டிராஃப்ட் உரிமைகளைக் கொடுத்தார். அவற்றில் இரண்டு முதல் சுற்று. அணி மீள ஆண்டுகள் பல ஆயின. அந்த ஹேடலைக் கொடுத்து 1976-இல் வாங்கியவர்தான் லின் டிக்கி. அடுத்த ஆண்டே கால் முறிந்து 1978 முழுவதும் உட்கார்ந்தார். முழங்காலுக்குக் கீழே வலியோடு ஆடி, 1983-இல் 4,458 யார்டு எறிந்தார். 32 டச் டவுன், 29 இன்டர்செப்ஷன். அந்த அக்டோபரில் திங்கள் இரவு ஆட்டமொன்றில் வாஷிங்டனை 48-47 என்று வென்றார்கள். பயிற்சியாளர் வேறு யாருமல்ல, பார்ட் ஸ்டார். டிக்கி எத்தனை புள்ளி எடுத்தாலும் அதே அளவைத் திருப்பிக் கொடுக்கிற தற்காப்புதான் அவருக்கு வாய்த்தது. அந்தச் சீசன் 8-8 என்று முடிய, ஸ்டாரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். பயிற்சியாளராக அவர் தோற்றதை ஆட்டக்காரர் வரிசையில் கழிக்கக் கூடாது.

மஜ்கௌஸ்கிக்கு ஒரே ஒரு ஆண்டு, 1989. 4,318 யார்டு, லீகில் முதலிடம். சிகாகோவை 14-13 என்று வென்ற டச் டவுனை நடுவர் முதலில் செல்லாது என்று அறிவித்து, வீடியோவைப் பார்த்த பின் கொடுத்தார். கிரீன் பேயில் அந்த நாளை இன்றும் பேசுகிறார்கள். அதன் பின் காயங்கள் அவரை மீளவிடவில்லை.

மிஞ்சியிருப்பவர் ஜோர்டன் லவ். ராட்ஜர்ஸைப் போலவே முதல் சுற்றில் தேர்வாகி, மூன்று ஆண்டுகள் பெஞ்சில் காத்திருந்தவர். 2023-இல் 4,159 யார்டு, 32 டச் டவுன். முதல் பிளே ஆஃப் ஆட்டத்திலேயே டல்லஸை அதன் மைதானத்திலேயே 48-32 என்று வீழ்த்தினார். அடுத்த வாரம் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று புள்ளியில் பின்தங்கியிருந்தபோது, வலப்பக்கம் ஓடிக்கொண்டே உடலுக்குக் குறுக்கே நடுக்களத்துக்கு எறிந்து இன்டர்செப்ஷன் கொடுத்தார். ஃபார்வ் ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த எறிதலை எங்கோ பார்த்தது போல இருந்திருக்கும். 2024-இலும் அணியைப் பிளே ஆஃபுக்குக் கொண்டுபோனார், முதல் ஆட்டத்திலேயே ஈகிள்ஸிடம் தோற்றார். டிக்கிக்கு முன்னால் அவரை வைப்பதற்கு இவை போதும். ஹெர்பரைத் தாண்ட ஒரு பட்டமாவது வேண்டும், அதுவரை ஆறாமிடம்தான்.